ஊசிக்குள் எத்தனை கோடி சிறுதட்டுகள்?

உடுவில், இணுவில், ஏழாலைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் குந்தியிருந்து களை பிடுங்கியவர்களுக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு முழங்கால் நோ வருவது புதினமில்லை. எண்ணெய் பூசி, ஒத்தணம் பிடித்து, ஆஸ்பத்திரிக் குளிசையும் விழுங்கிப் பார்த்த பிறகு, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளை ஒரு நாள் தொலைபேசியில் சொல்லும்: "அம்மா, உங்கட இரத்தத்தையே எடுத்துச் சுத்தி, அதில வாறதை முழங்காலுக்க ஊசியாப் போடுவினம். பி.ஆர்.பி. எண்டு பேர். காசை நான் அனுப்புறன், நீங்கள் யோசியாதேங்கோ."

அம்மா கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டு. நோகுமோ? எவ்வளவு முடியும்? இவற்றோடு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த ஊசிக்குள் எத்தனை சிறுதட்டுகள் இருக்கும்?

குருதிச் சிறுதட்டு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. டெங்கு சொல்லித் தந்துவிட்டது. 2023 டிசம்பரில் குடாநாட்டில் டெங்கு பெருகியபோது, வார்ட்டுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டது "பிளேட்லெட் இண்டைக்கு எவ்வளவு?" என்பதைத்தான். சுகமாயிருப்பவரின் குருதியில், ஒரு மைக்ரோலீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிலீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை சிறுதட்டுகள் இருக்கும். என்பு மச்சையில் பிறந்து, ஒரு வாரம் பத்து நாள் குருதியில் ஓடித் திரிந்துவிட்டு அழிந்துபோகும்.

காயம் பட்டால் குருதியை உறையச் செய்வதுதான் சிறுதட்டின் வேலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு சிறுதட்டுக்குள்ளும் நுண்ணிய மணிகள் இருக்கின்றன. அந்த மணிகளுக்குள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. காயம்பட்ட இடத்தில் சிறுதட்டு உடைந்து இந்தப் புரதங்களைக் கொட்டும்போது, திசுவைப் பழுதுபார்க்கும் கலங்கள் அங்கே வந்து பெருகுகின்றன, புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன, வீக்கத்தின் போக்கும் மாறுகிறது. அப்படியானால், சிறுதட்டுகளை ஓரிடத்தில் திரட்டி, நோகிற மூட்டுக்குள் விட்டால் என்ன? சிறுதட்டுச் செறிவூட்டிய பிளாஸ்மா, சுருக்கமாக பி.ஆர்.பி., என்ற சிகிச்சையின் யோசனை இவ்வளவுதான்.

செய்முறையும் பெரிய மர்மமில்லை. கையிலிருந்து குருதி எடுத்து, உறையாதிருக்க சிற்றேற்று மருந்து கலந்து, மையநீக்கி இயந்திரத்தில் சுற்றுகிறார்கள். குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் செங்குழியங்கள் படிந்திருக்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று. வெண்குழியங்களும் சிறுதட்டுகளில் பெரும் பங்கும் அந்தப் படலத்திலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும்தான் இருக்கின்றன. அதை எவ்வளவு கவனமாக உறிஞ்சி எடுக்கிறார்கள், இரண்டாம் தரம் சுற்றுகிறார்களா, எந்த வேகத்தில் சுற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து, கிடைக்கும் சிறுதட்டுகளின் தொகை பாதியாகவும் குறையும், இரட்டிப்பாகவும் கூடும். ஆனால் ஊசிக் குழலில் ஏற்றிய பிறகு எல்லாம் ஒரே மஞ்சள் நிறம்தான். கண்ணால் பார்த்து எவராலும் அளவு சொல்ல முடியாது.

இங்கேதான் பலருக்கும், சில வேளை சிகிச்சை கொடுப்பவர்களுக்கும், ஒரு குழப்பம். "எங்களுடையது ஐந்து மடங்கு செறிவு" என்று விளம்பரம் சொல்லும். மடங்கு என்பது அளவில்லை. தோட்டக்காரருக்கு இது உடனே விளங்கும்: ஒரு டாங்கிக்கு எத்தனை மூடி மருந்து கலந்தோம் என்பது ஒரு கணக்கு, ஒரு பரப்புக்கு எத்தனை டாங்கி அடித்தோம் என்பது இன்னொரு கணக்கு, இரண்டையும் பெருக்கினால்தான் நிலத்துக்குப் போன மருந்து தெரியும். ஊசியிலும் அப்படியே. செறிவையும் கனவளவையும் பெருக்கி வரும் மொத்தச் சிறுதட்டுகள்தான் முழங்காலுக்குப் போகும் அளவு.

கணக்கை வீட்டிலேயே போடலாம். பி.ஆர்.பி.யில் ஒரு மைக்ரோலீட்டருக்கு எத்தனை இலட்சம் சிறுதட்டு என்பதை, போடுகிற மில்லிலீட்டரால் பெருக்கி, அதை மீண்டும் 10ஆல் பெருக்கினால், விடை கோடியில் வரும். 12 இலட்சம் செறிவில் 3 மில்லிலீட்டர் போட்டால் 360 கோடி. 7 இலட்சம் செறிவில் 8 மில்லிலீட்டர் போட்டால் 560 கோடி. செறிவு குறைந்த ஊசிதான் இங்கே அதிகம் கொடுத்திருக்கிறது. "ஐந்து மடங்கு" என்ற பேச்சும் இப்படித்தான் கரைந்துபோகும். குருதியில் 1.6 இலட்சம் உள்ளவருக்கு ஐந்து மடங்கு என்றால் 8 இலட்சம், 3.5 இலட்சம் உள்ளவருக்கு 17.5 இலட்சம். ஒரே இயந்திரம், ஒரே மடங்கு, அளவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேறு.

இந்தக் கணக்குக்குத் தலைகீழான ஒரு பயனும் உண்டு. 1.6 இலட்சம் எண்ணிக்கை உள்ள ஒருவரிடமிருந்து 15 மில்லிலீட்டர் குருதி மட்டும் எடுத்தால், அதில் இருக்கும் சிறுதட்டுகள் எல்லாம் சேர்ந்தே 240 கோடிதான். எந்த விலை உயர்ந்த இயந்திரத்தில் சுற்றினாலும் அதற்கு மேல் வராது. இயந்திரம் சிறுதட்டைத் திரட்டுமே தவிரப் படைக்காது.

சரி, எத்தனை கோடி வேண்டும்? இந்தத் துறை இதற்கு விடை தேடிக்கொண்டிருப்பது கால் நூற்றாண்டாக. தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரான அமெரிக்கர் ராபர்ட் மார்க்ஸ், 1998இல் தாடை என்பு ஒட்டுகளில் பி.ஆர்.பி.யைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 2001இல், 5 மில்லிலீட்டரில் மைக்ரோலீட்டருக்கு 10 இலட்சம் சிறுதட்டாவது இருந்தால்தான் அதைப் பி.ஆர்.பி. என்று சொல்லலாம் என வரையறுத்தார். நம் கணக்கில் அது 500 கோடி. ஆனால் பின்னால் வந்த பலர் பெயரை எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டார்கள். குருதியைச் சுற்றி எடுத்த மஞ்சள் திரவம் எல்லாவற்றுக்கும் பி.ஆர்.பி. என்றே பெயர் விழுந்தது.

அதன் விளைவு 2021 நவம்பரில் தெரிந்தது. அவுஸ்திரேலியாவில் கிம் பெனெல் குழுவினர், முழங்கால் தேய்வு உள்ள 288 பேரிடம் நடத்திய ஆய்வை ஜாமா மருத்துவ இதழ் வெளியிட்டது. பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடம் கழித்து, பூச்சியம் முதல் 10 வரையான நோ அளவுகோலில் பி.ஆர்.பி. பெற்றவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது, உப்பு நீர் பெற்றவர்களுக்கு 1.8 குறைந்திருந்தது. பொருட்படுத்தக்கூடிய வித்தியாசமில்லை. கசியிழையத் தேய்விலும் வித்தியாசமில்லை. பி.ஆர்.பி. வேலை செய்யாது என்று தலைப்புகள் வந்தன.

ஆனால் அந்த ஊசியில் இருந்த செறிவைப் பாருங்கள். மைக்ரோலீட்டருக்குச் சராசரி சுமார் 3.25 இலட்சம். இது நல்ல சுகதேகியின் சாதாரணக் குருதியிலேயே இருக்கக்கூடிய எண்ணிக்கை. 5 மில்லிலீட்டர் போட்டார்கள் என்றால், ஓர் ஊசிக்கு 160 கோடி சொச்சம். மூன்று ஊசியையும் கூட்டினாலும் மார்க்ஸ் ஒரு தடவைக்குச் சொன்ன 500 கோடியை எட்டவில்லை. அந்த ஆய்வு மிக நேர்த்தியாக நடத்தப்பட்டது, அதன் முடிவை மதிக்கிறேன். ஆனால் குறைந்த அளவு வேலை செய்யவில்லை என்பதைத்தான் அது காட்டியது. அளவு கூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அந்த விடையைத் தேடியவர்களில் முன்னணியில் நிற்பது அயல்நாடான இந்தியாவின் சண்டிகர் நகரத்துப் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம். சந்தீப் படேல், மந்தீப் திலன் ஆகியோரின் குழு 2013இலேயே 78 நோயாளிகளின் இரண்டு முழங்கால்களிலும் பி.ஆர்.பி.யை உப்பு நீரோடு ஒப்பிட்டு, பி.ஆர்.பி.யால் நோ குறைவதையும், ஒரே ஊசி இரண்டு ஊசிக்குச் சமமாக வேலை செய்வதையும், ஆறு மாதத்தில் பலன் தளரத் தொடங்குவதையும் காட்டியது. பிறகு அதே நிறுவனம் அளவையே நேரடியாகச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு 4 மில்லிலீட்டர், சுமார் 280 கோடி. மறு பிரிவினருக்கு 8 மில்லிலீட்டர், சுமார் 560 கோடி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. 2024இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் கூடிய அளவு பெற்றவர்களே மேலாக இருந்தார்கள். உத்தரகாண்டின் உருத்ரபூரில் ஹிமான்ஷு பன்சால் குழுவினர் 150 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில் 8 மில்லிலீட்டரில் 1000 கோடி கொடுத்து, மூட்டுக்குள் போடும் இன்னொரு மருந்தான ஹயலூரோனிக் அமில ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் வரை பலன் நின்றது என்றும், அந்த மொத்த எண்ணிக்கைதான் முக்கியம் என்றும் எழுதினார்கள்.

முழங்கால் தேய்வில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டுகிறது. பலன் கண்ட ஆய்வுகளில் சராசரி அளவு சுமார் 550 கோடி. பலன் காணாதவற்றில் சுமார் 230 கோடி. மார்க்ஸின் பழைய எண்ணுக்கு இது எவ்வளவு அருகில் வருகிறது என்பது என்னை வியக்க வைக்கிறது.

என்றாலும் 500 கோடி என்பதைச் சட்டம் போல எடுத்துக்கொள்ள முடியாது. மீளாய்வுச் சராசரி, வெவ்வேறு நோயாளிகளையும் வெவ்வேறு முறைகளையும் கலந்த சராசரி. மூன்று சிறிய ஊசிகளின் கூட்டுத்தொகை ஒரு பெரிய ஊசிக்குச் சமமா என்பது தீரவில்லை. வெண்குழியங்களைக் கூட விட வேண்டுமா, வடிகட்ட வேண்டுமா என்ற வாதமும் முடியவில்லை. கூடக் கூட நல்லது என்றும் இல்லை: ஆய்வுகூடத்தில் குருதிக்குழாய்க் கலங்களை வைத்துச் செய்த சோதனைகளில், செறிவு மைக்ரோலீட்டருக்கு 15 இலட்சத்தைத் தாண்டியபோது வளர்ச்சி குறைந்தது. என்போடு என்பு உரசும் அளவுக்குத் தேய்ந்துவிட்ட முழங்காலை எத்தனை கோடியும் திருப்பிக் கொண்டுவராது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அதற்கு அது சொன்ன காரணமே, தயாரிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, தரப்படுத்தல் இல்லை என்பதுதான். அளவை எழுதாமல் ஊசி போடுகிற வழக்கம் இருக்கும்வரை அந்தக் குறையை எவரும் மறுக்க முடியாது.

இனி, போகத்தான் போகிறோம் என்று தீர்மானித்தவர்களுக்கு. தொடைத் தசைக்கான பயிற்சி, உடல் நிறையைக் குறைப்பது, கைத்தடி இவை மூன்றையும் முதலில் சில மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். இவற்றுக்கான ஆதாரம் எந்த ஊசிக்கும் உள்ளதைவிட உறுதியானது. சிறுதட்டுக் குறைவு, குருதி உறையாமை, காய்ச்சல், தோலில் கிருமித் தொற்று, புற்றுநோய்ச் சிகிச்சை இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோக் குளிசைகள் சிறுதட்டின் வேலையைத் தடுப்பவை, அவற்றை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. இருதய வைத்தியரின் சொல் இல்லாமல் அதில் கைவைப்பது உயிராபத்து. ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் நோவும் வீக்கமும் கூடுவது வழமை. காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: என் குருதியில் இன்று சிறுதட்டு எண்ணிக்கை என்ன? எத்தனை மில்லிலீட்டர் குருதி எடுக்கிறீர்கள்? தயாரான பி.ஆர்.பி.யையும் எண்ணிப் பார்த்தீர்களா, அதில் எத்தனை இலட்சம், எத்தனை மில்லிலீட்டர் போடுகிறீர்கள்? டெங்குக்கு எடுக்கிற அதே குருதிப் பரிசோதனை இயந்திரத்தில் பி.ஆர்.பி.யின் ஒரு துளியையும் எண்ணலாம். செறிவு மிகக் கூடினால் ஐதாக்கி எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஊசிக்குக் கொடுக்கிற காசோடு பார்த்தால் அந்தச் செலவு சொற்பம். தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். உடுவிலுக்குப் பக்கத்தில் மானிப்பாயில், சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே நம் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். ஓர் ஊசியின் அளவை இன்றைய வைத்தியர் ஒருவர் தமிழில் விளக்க முடியாமல் இல்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசிக்கு நாள் குறிக்க முன்னர், நீங்களே அந்த நிலையத்துக்கு அழைத்து, தயாரித்த பி.ஆர்.பி.யை எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். எண்ணுவதில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். எண்ணுகிறார்கள் என்றால், அந்த எண்களைத் திகதியோடு அம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து நோ திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க அந்த வைத்தியருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.