குடிநீரும் குளோரினின் துணைவிளைபொருள்களும்

வாந்திபேதியையும் குடற்காய்ச்சலையும் நகரங்களிலிருந்து அகற்றியதில் குளோரினுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பொருளின்மீது 1974ஆம் ஆண்டில் ஓர் ஐயம் எழுந்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர நீர்வழங்கு நிலையத்தில் பணியாற்றிய யோஹானஸ் ரூக் என்னும் வேதியியலாளர், குளோரின் சேர்த்த பின்னரே நீரில் குளோரோஃபார்ம் உருவாவதை எடுத்துக்காட்டினார். அமெரிக்க ஆய்வாளர் சிலரும் அதே ஆண்டில் அம்முடிவுக்கே வந்தனர்.

இதற்கு மூலம் இலையும் வேரும் மட்கி நீரில் கரைந்த சாரமே. மலேசியச் சதுப்புக் காடுகளில் தேயிலைச்சாறு போல் பழுப்பாக ஓடும் நீரைக் கண்டோர் அச்சாரத்தைக் கண்டவராவர். கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் இச்சாரத்தோடும் வினைபுரிகிறது. அவ்வினையில் டிரைஹேலோமீத்தேன்கள், ஹேலோஅசெட்டிக் அமிலங்கள் முதலியன தோன்றுகின்றன. இவற்றையே நாம் துணைவிளைபொருள்கள் என்கிறோம். நெடுங்காலம் இவற்றைப் பருகுவதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் எனப் பல ஆய்வுகள் கருதுகின்றன. ஐயம் முற்றும் நீங்கிற்று எனல் இயலாது. அமெரிக்கா 1979இல் டிரைஹேலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என வரம்பு விதித்துப் பின்னர் அதனை 80 ஆகக் குறைத்தது.

அவ்வாறாயின் குளோரினைக் குறைத்துவிடலாமே எனச் சிலர் வினவுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. வாந்திபேதி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். துணைவிளைபொருளின் தீங்கோ ஒரு வாழ்நாளைக் கொண்டு கணிக்கப்படுவது. குறைக்க வேண்டியது அந்தச் சாரத்தையே. படிகாரம் இட்டு நீரைத் தெளிவிக்கும்போது அமிலத்தன்மையைச் சற்றே கூட்டினால் சாரம் மிகுதியாகப் படிந்துவிடும். எஞ்சியதிற் பெரும்பகுதியைச் செறிவூட்டிய கரி ஈர்த்துக்கொள்ளும். (குடத்து நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்த நம் முன்னோரும் தெளிவித்தலையே முதற்படியாகக் கொண்டனர்.) இவற்றினும் எளியது, குளோரின் இடும் இடத்தை மாற்றுவது: ஆற்றுநீர் நிலையத்துள் நுழையுமிடத்தில் இடாமல், தெளிவித்து வடிகட்டிய பின்னர் இடுதல்.

மற்றொரு வழி, குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளோரமைன் ஆக்குவது. அது மெல்லச் செயற்படும். ஆயினும் குழாய்களில் நெடுநேரம் நிலைத்திருக்கும். டிரைஹேலோமீத்தேன்களை மிகக் குறைவாகவே உண்டாக்கும். சிங்கப்பூர்க் குழாய்களில் வருவது குளோரமைன் கலந்த நீரே. நீரை ஓரிரவு திறந்து வைத்தாலும் அது அகலாது என்பதை மீன்தொட்டி வைத்திருப்போர் அறிவர்.

இவ்வழியிலும் இடருண்டு. துணைவிளைபொருள் வரம்பைக் கடவாதிருக்க, வாஷிங்டன் நகருக்கு நீர் வழங்குவோர் 2000 நவம்பரில் குளோரமைனுக்கு மாறினர். அந்நகரின் பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் ஈய டைஆக்சைடு படலம் ஒன்று இருந்தது. குளோரின் இருந்தவரை நிலைத்திருந்த அப்படலம் அது நீங்கியதும் கரையலாயிற்று. ஈயம் பல வீடுகளின் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் குருதியிலும் அது கூடியிருந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. 2004இல் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்து, குழாய்களுள் வேறொரு படலம் படியச் செய்த பின்னரே ஈயத்தின் அளவு இறங்கியது.