பி.இ. மெக்கானிக்கல் முடிச்சாச்சு... அந்த முதல் வருஷம் எப்படி இருக்கும்?

நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி, உட்கார நாற்காலி இல்லாததுதான். சேஃப்டி ஷூவோடு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். இந்த வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். வேலை சொல்லித்தருபவர் பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்து, அதே மெஷினோடு பல வருடம் பழகிய ஆபரேட்டர் அண்ணன். 'நாம பி.இ. ஆச்சே' என்ற நினைப்பை கேட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள்.

டிராயிங்கில் '25 எச்7' என்று ஒரு துளை இருக்கும். அதன் விட்டம் 25.000 மி.மீ. முதல் 25.021 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். அதாவது, தலைமுடியின் பருமனில் பாதிகூட வராத இடைவெளி! பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்த எண், ஷாப் ஃப்ளோரில் ஒரு பிளக் கேஜாகக் கைக்கு வரும். 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும். 'நோ-கோ' முனை போகக் கூடாது. அழுத்தித் திணித்தால் திட்டு நிச்சயம்.

மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தாலும் திட்டுதான். எஃகு 20 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால், 25 மி.மீ. அளவு கிட்டத்தட்ட 6 மைக்ரான் விரிந்துவிடும். மொத்தம் 21 மைக்ரான்தான் அனுமதி. அதில் கால்வாசிக்கு மேல் சூட்டிலேயே போய்விடுகிறது. புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோன வெப்ப விரிவு, ஒரு டிரே நிறைய ரிஜெக்‌ஷனைப் பார்த்தபிறகுதான் மண்டையில் ஏறும்.

சரி, சம்பளம்? இங்கேதான் ஆஃபர் லெட்டரை நிதானமாகப் படிக்க வேண்டும். 'கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி' என்பது பொதுவாக நிறுவனமே வைத்துக்கொள்ளும் பதவிப் பெயர். 'கிராஜுவேட் அப்ரன்டிஸ்' என்றால் 1961-ம் வருட அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் வரும் பயிற்சி. பெயர் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் விஷயம் வேறு. அப்ரன்டிஸ், சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனத்துக்குக் கிடையாது.

9,000 ரூபாயில் ரூம் வாடகையும் மெஸ் பில்லும் போக வீட்டுக்கு என்ன அனுப்புவது? கல்விக் கடன் வாங்கியவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் தவணைக்கு அவகாசம். அப்ரன்டிஸ் பயிற்சியும் பெரும்பாலும் ஒரு வருடம். பயிற்சி முடிகிற நேரத்தில் தவணை வந்து நிற்கும். மெக்கானிக்கல் படித்த பையன் ஐ.டி. பக்கம் போவதைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

சேரும்போதே கேட்டுவிட வேண்டியவை சில உண்டு. இது அப்ரன்டிஸா, டிரெய்னியா? பி.எஃப். பிடிப்பார்களா? போன வருடம் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தார்கள்? அப்ரன்டிஸ் என்றால், ஒப்பந்தம் அரசின் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் கிடைக்கும் அரசுச் சான்றிதழ் அந்தப் பதிவை வைத்துத்தான். தென் மாநிலங்களுக்கான அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம்.