யாழும் தோளும்

விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அவர் ஆராய்ந்த கருவியை இன்று மீண்டும் செய்து பழகுகின்றனர். யாழில் விரல்கள் அசைகின்றன. தோள்களோ கைகளைத் தாங்கியபடி அசையாது நிற்கின்றன. இறுகிய தசையில் குருதியோட்டம் குறைவதால் புதியவர்களுக்குக் கை விரைவில் சோர்கிறது. காஞ்சியில் பகலெல்லாம் தறியில் அமர்ந்து மாலையில் இசை பழகுவோருக்கு அதே தோள்கள் இருமுறை உழைக்கின்றன.

பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கைகளை மடியில் தளரவிடுங்கள். தோள்கள் காதை நோக்கி உயர்கின்றனவா என்பதை வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம். உயர்ந்தால் இருக்கையின் உயரத்தை மாற்றுங்கள். வலியைப் பொறுத்தால் கை உரம்பெறும் என்பதை நாங்கள் ஏற்பதில்லை. விரல்கள் மரத்தாலோ, இரவில் வலித்தாலோ மருத்துவரைக் காணுங்கள். கை கனத்து, நெஞ்சு இறுகி, வியர்த்தால் பயிற்சியின் சோர்வென்று எண்ணிக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.