1848 கலகம்: வரியா, வரி விதித்த முறையா காரணம்?

மாணவர்களே, "1848 கலகத்திற்கான காரணங்களை விளக்குக" என்ற வினாவுக்குப் பலர் நாய் வரி, துவக்கு வரி, கடை வரி என்று பட்டியலிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலுக்குச் சில புள்ளிகளே கிடைக்கும், விளக்கமும் வேண்டும்.

ஓர் உதாரணம். நாளை முதல் ஒரு பெயருக்கு இரண்டு கிலோ கொழுந்து கூடுதலாக எடுக்க வேண்டும் என்று மடுவத்தில் அறிவித்தால் உங்கள் அம்மா என்ன கேட்பார்? "யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?" 1848இல் கண்டி விவசாயியின் மனக்குறையும் இதுவே.

பின்னணி: 1847இல் கோப்பி விலை வீழ்ந்து அரச வருமானம் குறைந்தது. அதே ஆண்டு பதவியேற்ற ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளால் அதை ஈடுசெய்ய முயன்றார்.

வெறுப்புக்கான காரணங்கள்:

1. வரிகளைப் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. நாய்க்கு 1 சில்லிங், துவக்குக்கு 2 சில்லிங் 6 பென்ஸ். நெல்லும் சேனையுமே வாழ்வாகக் கொண்டவரிடம் காசுப் புழக்கம் குறைவு.

2. வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். இல்லையேல் 3 சில்லிங் கட்ட வேண்டும். கோல்புறூக் சீர்திருத்தத்தில் ஒழிந்த இராசகாரியமே திரும்பி வந்ததாக மக்கள் கருதினர்.

3. வீதிகளால் பெரும் பயனடைந்தவர் கோப்பித் தோட்ட உரிமையாளர். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் ஏற்கெனவே காணி இழந்த கிராமத்தவரே சுமையையும் ஏற்றனர்.

4. முறையிட இடமில்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையின் 15 பேரில் 9 பேர் அரச அதிகாரிகள். ஏனைய 6 பேரும் ஆளுநரின் நியமனம். ஆளுநர் பதில் சொல்ல வேண்டியது இலண்டனுக்கே.

விளைவு: யூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார், மாத்தளை தாக்கப்பட்டது. கலகம் இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டு, ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுடப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

ஒப்பிடுக: 1765 முத்திரை வரியையும் 1773 தேயிலைச் சட்டத்தையும் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் எதிர்த்ததும் "பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை" என்றே. ஆனால் அவர்கள் ஆங்கிலேயருக்குரிய உரிமையைக் கேட்டார்கள். கண்டியர் இழந்த அரசைக் கேட்டார்கள். இந்த வேறுபாட்டையும் எழுதுங்கள்.

நினைவிற்கொள்க: ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிப் பாருங்கள். யார் விதித்தார்? யார் செலுத்தினார்? யார் பயனடைந்தார்? விடை தானாக வரும்.