மெதுவாக நடப்பதெல்லாம் ‘ஸ்ட்ரோல்’ ஆகாது

ஆங்கில–தமிழ் அகராதியில் ‘ஸ்ட்ரோல்’ என்ற வினைச்சொல்லைத் தேடினால் ‘உலாவு’ என்றோ ‘மெதுவாக நட’ என்றோ பொருள் போட்டிருக்கும். ‘உலாவு’ என்பதில் குற்றமில்லை. ‘மெதுவாக நட’ என்பதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அதை நம்பி, முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்து நடக்கும் பாட்டியைப் பற்றி ‘மை கிராண்ட்மதர் ஸ்ட்ரோல்ஸ் டு த கிச்சன்’ என்று ஒரு மாணவர் எழுதினால் இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இராது. ஆனால் படிப்பவர் மனத்தில், வலி எதுவும் இல்லாமல் ஜாலியாகச் சமையலறைப் பக்கம் போகும் ஒரு பாட்டிதான் வந்து நிற்பார். பாட்டியின் நடை மெதுவானது என்பது உண்மை. அது அவராக விரும்பி நடக்கும் மெது நடை அல்ல என்பதும் உண்மை. விரைந்து நடக்க முடிந்தும், அவசரம் ஒன்றும் இல்லாததால் நிதானமாக நடப்பவருக்கே இந்தச் சொல் உரியது. ஆகவே இது வேகத்தைச் சொல்லும் சொல்லே அல்ல, நடப்பவரின் மனநிலையைச் சொல்லும் சொல் என்பதுதான் என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னை ரங்கநாதன் தெருவில் கூட்டம் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். அங்கே ஒருவரும் ‘ஸ்ட்ரோல்’ செய்வதில்லை. இறுதி ஊர்வலத்தில் ராணுவ வீரர்கள் அடி அளந்து மெதுவாக வைக்கும் நடையும் ‘ஸ்ட்ரோல்’ அல்ல. மாலை வெயில் இறங்கிய பிறகு மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு பேசிக்கொண்டே போகும் குடும்பத்தை ‘தே ஸ்ட்ரோல்ட் அலாங் த பீச்’ என்றால் அச்சாகப் பொருந்தும். அதே மெரினாவில் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கைவீசி நடப்பவர் ‘வாக்கிங்’ போகிறார், அவ்வளவுதான். வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலாற உலாவுவது அந்தக் கணக்கில் சேராது. சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் டாக்டரிடம் ‘ஐ ஸ்ட்ரோல் எவ்ரி மார்னிங்’ என்று சொன்னால், ‘கொஞ்சம் வேகமா நடங்க சார்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

தமிழ் பேசுபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு மொழியமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மொழி, அசைவின் விதத்தையும் திசையையும் எந்தெந்தச் சொல்லில் ஏற்றுகிறது என்பதை வைத்து மொழிகளை வகைப்படுத்தியவர் அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி. எப்படி நடந்தார் என்பதை ஆங்கிலம் வினைச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். எங்கே, எந்தப் பக்கம் என்பதை ‘அலாங்’, ‘அரவுண்ட்’, ‘த்ரூ’, ‘டவுன்’ போன்ற சின்னச் சொற்களிடம் விட்டுவிடும். தமிழின் போக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ‘ஆடி அசைந்து வந்தான்’ என்னும்போது விதம் எச்சத்தில் இருக்கிறது, திசை ‘வந்தான்’ என்ற முற்றில் இருக்கிறது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் ‘வாக்ட் ஸ்லோலி’ என்று இரண்டாகப் பிரித்தே யோசிப்பார். புதுச் சொல்லைக் கற்ற பின்னும் பழக்கம் விடாமல் ‘ஸ்ட்ரோல்ட் ஸ்லோலி’ என்று எழுதுவார். சொல்லுக்குள் இருக்கும் நிதானத்தை மறுபடியும் வெளியே தொங்கவிடுவார். இதனால் தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘காலாற நடந்துவிட்டு வந்தார்’ என்பதில் இருக்கும் இதம் ‘ஸ்ட்ரோல்’ என்பதில்கூட இல்லை.

‘நடக்கிறதுக்கு வாக் என்ற ஒரு சொல் போதாதா, இதெல்லாம் வீண் அலங்காரம்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. பேசுவதற்குப் போதும், அதில் சண்டையில்லை. படிக்கும்போதும் கேட்கும்போதும் போதாது. அலுவலகம் ஒன்பது மணிக்கு. ஒருவரைப் பற்றி மேலாளர், ‘ஹீ ஸ்ட்ரோல்ட் இன் அட் டென் தர்ட்டி’ என்று மின்னஞ்சலில் எழுதுகிறார். ‘வாக்ட் இன்’ என்றிருந்தால் அது தகவல். ‘ஸ்ட்ரோல்ட் இன்’ என்றிருப்பதால் அது குற்றச்சாட்டு. தாமதமாக வந்ததோடு, அதைப் பற்றிய கூச்சமே இல்லாமல் வந்தார் என்று அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது. நம் ஊரில் ‘சாவகாசமா வந்து நிக்கிறாரு’ என்று சொல்லும் அதே எரிச்சல். பாராட்டாகவும் வசையாகவும் ஒரே சொல் நிற்பது முரண்பாடு அல்ல. அவசரமின்மை என்ற அடிப்படைப் பொருள் இரண்டிலும் ஒன்றுதான். கடற்கரையில் அது சுகம், கடமை இருக்கும் இடத்தில் அலட்சியம். விளையாட்டுச் செய்தியில் ஓர் அணி ‘ஸ்ட்ரோல்ட் டு விக்டரி’ என்று வந்தால், வியர்வை சிந்தாமல் ஜெயித்தது என்று பொருள். அங்கே நடையே கிடையாது. அவசரமின்மை மட்டும் மிச்சம். வேகத்தைக் குறிக்கும் சொல்லாக இருந்தால் இந்தப் பயன்பாடு எப்படி முளைத்திருக்கும்?

சொல்லின் பூர்விகமும் இந்த இரட்டை முகத்துக்கு ஒத்தே போகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் ஊர் ஊராகத் திரிவதையும் குறித்தது. ஊர் சுற்றி நாடகம் போடும் கூத்தாடிகளுக்கு ‘ஸ்ட்ரோலிங் பிளேயர்ஸ்’ என்று பெயர். பிரபுக்களின் ஆதரவு இல்லாத நடிகர்களை நாடோடிகளோடு சேர்த்துத் தண்டிக்க 1572லேயே இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. இதற்கு நெருங்கிய பொருளுள்ள சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ‘ஆம்பிள்’ குதிரையின் இதமான நடையிலிருந்து மனிதனுக்கு வந்தது. ‘சான்டர்’ என்பதில் ஒரு மிதப்பு கலந்திருக்கும். புனித பூமிக்குப் போகிறேன் என்று சொல்லித் திரிந்தவர்களிடமிருந்து ‘சான்டர்’ பிறந்ததாக ஹென்றி டேவிட் தோரோ, 1862ல் வெளிவந்த ‘வாக்கிங்’ கட்டுரையில் எழுதினார். அழகான கதை, ஆனால் அகராதிக்காரர்கள் ஏற்கவில்லை.

இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் வாயே திறக்க முடியாதே என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆங்கிலேயர்களே அன்றாடப் பேச்சில் இதை வினையாகச் சொல்வதைவிட, ‘லெட்ஸ் கோ ஃபார் எ ஸ்ட்ரோல்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது சகஜம். சாப்பிட்ட பின் நண்பரை வெளியே அழைக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பஸ்ஸைப் பிடிக்க, பாங்குக்கு, பள்ளிக்கு என்று காரியமாகப் போகும் நடைக்கெல்லாம் ‘வாக்’ என்பதே சரி.