சென்னையில் நீல வெளிச்சம்... பாம்பனில் செத்து ஒதுங்கிய மீன்கள்... இரண்டும் ஒரே உயிரியின் வேலை!

2019 ஆகஸ்ட் மாத இரவு அது. சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் திடீரெனக் கூட்டம் கூடியது. உடைந்து கரையேறும் அலைகளின் விளிம்பு நீல நிறத்தில் ஒளிர்ந்ததுதான் காரணம். வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் பறக்க, நேரம் போனதும் தெரியாமல் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

அடுத்த மாதம் பாம்பன், மண்டபம் பகுதி மீனவர்கள் பார்த்தது வேறொரு காட்சி. மன்னார் வளைகுடாவில் கடல் பச்சை பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியதுபோல மாறியிருந்தது. மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கரை ஒதுங்கின. இந்தப் பச்சையை அங்குள்ள மீனவர்கள் 'பூங்கோரை' என்று அழைக்கிறார்கள்.

சென்னையில் செல்ஃபிக்குப் பின்னணியாக இருந்ததும், பாம்பனில் மீன்களைக் கொன்றதும் நாக்டிலூக்கா என்ற ஒரே உயிரிதான். 'இரவில் ஒளிர்வது' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். ஒற்றைச் செல் உயிரி. நன்கு வளர்ந்தால் கடுகில் பாதி அளவு இருக்கும். அலையோ, படகோ, நம் காலோ அசைத்தால் அதன் உடலுக்குள் ஒரு வேதிவினை நடந்து, நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒளி பிறக்கும்.

நீந்தத் தெரியாத கூட்டம்

நாக்டிலூக்கா, பிளாங்க்டன் எனப்படும் மிதவை உயிரிகளில் ஒன்று. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல், அது இழுத்த இழுப்புக்குப் போகும் எல்லா உயிர்களுக்கும் சேர்த்து, 1887-ல் ஜெர்மன் விஞ்ஞானி விக்டர் ஹென்சன் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் 'அலைந்து திரிவது' என்று அர்த்தம். இதில் தாவர வகையும் உண்டு, விலங்கு வகையும் உண்டு. ஜெல்லி மீன்கூட இந்தக் கணக்கில்தான் வரும். நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் மத்தி, பெரும்பாலும் டையாட்டம் என்ற நுண்பாசியைத் தின்று வளர்ந்ததுதான்.

இவற்றில் மிகச் சிறியவை எவ்வளவு சிறியவை என்றால், உலகிலேயே அதிக எண்ணிக்கையில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரியை 1980-கள் வரை யாருமே பார்த்திருக்கவில்லை! அமெரிக்க விஞ்ஞானி பென்னி சிஸ்ஹோம் குழுவினர், லேசர் ஒளியால் செல்களை எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனபோதுதான் புரோகுளோரோகாக்கஸ் என்ற அந்த நுண்ணுயிர் சிக்கியது. வெப்ப மண்டலக் கடலில் ஒரு லிட்டர் தண்ணீர் அள்ளினால், அதில் 10 கோடி வரை இருக்கலாம்.

பாதி மூச்சு கடலுடையதா?

'நாம் இழுக்கும் மூச்சில் பாதி, கடல் பிளாங்க்டன் கொடுத்தது' என்று ஒரு ஃபார்வர்டு அடிக்கடி வலம் வரும். பாதி உண்மை. பூமியில் ஆண்டுதோறும் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது. பூமியின் மொத்தத் தாவர எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துளிகள், மீதி அத்தனை காடுகளுக்கும் வயல்களுக்கும் சமமாக உழைக்கின்றன. ஆனால், அப்படி உருவாகும் ஆக்ஸிஜனில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடலில் வாழும் மீன்களும் பாக்டீரியாக்களுமே செலவழித்துவிடுகின்றன. வரவுக்குச் செலவு சரியாகப் போகும் குடும்பம் மாதிரி.

அப்படியானால் காற்றில் இருக்கும் 21 சதவிகித ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது? அது பழைய சேமிப்பு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்ஸிஜன் முதன்முறையாகக் காற்றில் தங்க ஆரம்பித்தது. அதற்குப் பின்னும், செத்த பிளாங்க்டனில் மிகச் சிறு பகுதி மட்டும் மக்காமல் கடலடிச் சேற்றில் புதைந்தது. புதைந்தவை மக்கியிருந்தால் செலவாகியிருக்க வேண்டிய ஆக்ஸிஜன் காற்றில் மிஞ்சியது. காலங்காலமாகச் சேர்ந்த அந்த மிச்சத்துக்கு, பின்னால் வந்த நிலத்துத் தாவரங்களும் தங்கள் பங்கைச் சேர்த்தன. அதைத்தான் இன்று நாம் சுவாசிக்கிறோம்.

சேற்றில் புதைந்த பிளாங்க்டன் என்ன ஆனது? கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து, அதில் ஒரு பகுதி கச்சா எண்ணெயானது. பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்தது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். இல்லை. டெத்திஸ் என்ற பழங்காலக் கடலின் பிளாங்க்டன்தான் இன்று அரபு நாடுகளின் எண்ணெய் வயல்கள். பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது, அன்று புதைந்ததை எரித்து, அன்று மிஞ்சிய ஆக்ஸிஜனோடு மறுபடி சேர்த்து வைக்கிறோம்.

கொடுத்த கையே பறித்தால்...

பாம்பனில் நடந்தது இதே கணக்கு தலைகீழானதுதான். நம் கடல்களில் காணப்படும் பச்சை நாக்டிலூக்கா ஒரு விசித்திரப் பிறவி. தன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. அவை சமைத்துக் கொடுப்பதைச் சாப்பிடும். போதாவிட்டால் பக்கத்தில் மிதக்கும் டையாட்டம்களையும் மற்ற நுண்ணுயிர்களையும் விழுங்கும். சத்து மிகுந்த நீரில் கண்டபடி பெருகி, பிறகு மொத்தமாகச் சாகும். அந்தச் சடலங்களை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலிருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். போதாததற்கு, நாக்டிலூக்கா தன் உடலில் தேக்கிவைத்திருந்த அம்மோனியாவும் நீரில் கலக்கும்.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அப்போது கடலுக்கடியில் இறங்கி ஆய்வு செய்தார்கள். நீரில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. பெரும்பாலான மீன்கள் தாக்குப்பிடிக்க முடியாத அளவு அது. மீனாவது ஓடித் தப்பிக்கப் பார்க்கும். பாறையோடு ஒட்டி வாழும் பவளத்துக்கு எங்கே போக்கிடம்? கிளை விட்டு வேகமாக வளரும் பவள இனங்களே அதிகம் மடிந்தன. 2016-ல்தான் கடல் வெப்பம் கூடி, மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் அழிந்திருந்தன. மூன்றே ஆண்டுகளில் இந்த இரண்டாவது அடி. பவளப்பாறைகள் மீன் குஞ்சுகளின் தொட்டில். அவை சரிந்தால், கரையோரத்தில் வலை வீசும் நாட்டுப்படகுக்காரர்களுக்குத்தான் முதல் நஷ்டம்.

மீன் ஏன் செத்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. பாசி ஏன் இவ்வளவு பெருகுகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. வயல் உரமும் சுத்திகரிக்காத கழிவுநீரும் கடலுக்குப் போகும்போது, அவை பாசிக்கும் உரமாகின்றன. பருவக்காற்றும் நீரோட்டமும் தங்கள் பங்குக்கு ஆழத்துச் சத்துகளை மேலே கொண்டுவருகின்றன.

அரபிக்கடலில் கதை இன்னும் பெரியது. அங்கே குளிர்காலத்தில் டையாட்டம்கள்தான் பெருகிவந்தன. 2000-களின் தொடக்கத்திலிருந்து அந்த இடத்தை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹோவாகிம் கோயஸ், ஹெல்கா கோம்ஸ் ஆகியோரின் குழு இதற்கு இமயமலைப் பனி குறைவதை ஒரு காரணமாகச் சொல்கிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று வெதுவெதுப்பானால், கடலின் மேல்மட்டம் குளிர்ந்து கீழே இறங்குவது குறையும். ஆழத்துச் சத்துகளும் மேலே வராது. டையாட்டம் பட்டினி கிடக்கும். வேட்டையாடவும் தெரிந்த நாக்டிலூக்கா பிழைத்துக்கொள்ளும். அதைத் தின்பவை பெரும்பாலும் ஜெல்லி மீன்களும் சால்ப் என்ற கண்ணாடி போன்ற உயிரிகளும்தான். மத்திக்கு அதனால் லாபமில்லை.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், பிளாங்க்டனின் பச்சையத்தைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, எங்கே மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்கு நெடுங்காலமாகத் தகவல் தந்துவருகிறது. பச்சை கூடினால் மீன் கூடும் என்பது அதன் அடிப்படை. இப்போது அதே நிறுவனம், ஆபத்தான பாசிப் பெருக்கத்துக்கும் தனியாகத் தகவல் சேவை நடத்துகிறது. அது குறிப்பாகக் கண்காணிக்கும் இடங்களின் பட்டியலில் மன்னார் வளைகுடாவும் இருக்கிறது.