சிரிக்கும் நோயாளி கேட்கும் கேள்வி

கடும் நோயுற்றவரின் கட்டிலருகே அமர்ந்து சிரிக்கலாமா? உறவினர்கள் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி இது.

இக்கேள்வியை 1965ஆம் ஆண்டிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் எழுப்பியது. கே. பாலசந்தர் தம் மேடை நாடகத்தைத் தழுவி இயக்கிய முதற்படமான 'நீர்க்குமிழி', மருத்துவமனையில் நிகழும் கதை. அதில் சேது என்னும் புற்றுநோயாளியாக நடித்தவர், நம் மாவட்டத்தை அடுத்த தாராபுரத்துக்காரரான நாகேஷ். உடனிருப்போரைச் சிரிக்கவைக்கும் அந்த மனிதரே கொடிய நோயைச் சுமப்பவர். அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே மரணம் என்று மக்கள் அஞ்சினர். இன்று, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்த இயலும். ஆயினும் அப்படம் காட்டும் மனநிலை இன்றும் எங்கள் வார்டுகளில் உண்டு.

சிரிப்பு உடலில் என்ன செய்கிறது? சிரிக்கும்போது மூச்சும் இதயத்துடிப்பும் சற்று விரைவுபடுகின்றன. பின்னர் தசைகள் தளர்கின்றன. வலியைப் பொறுக்கும் ஆற்றல் சிறிது நேரம் கூடுகிறது. ஆனால் சிரிப்பு கட்டியைக் கரைக்காது. மருந்துக்கு மாற்றும் ஆகாது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிரிக்கும்போதும் இருமும்போதும் தையலின் மேல் சிறு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. நோயாளியின் நகைச்சுவை பல வேளைகளில் ஒரு கேள்வியாகும். பூட்டுத் தொழிலில் முதுமை எய்திய பெரியவர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்றார். "அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டனர். ஒருநாள் பார்வைச் சுற்றின்போது அவர் சிரித்தபடியே, "ஆயுசு முழுக்கப் பூட்டு செஞ்சவன்கிட்டயே ரகசியத்தைப் பூட்டி வைக்கிறாங்க டாக்டர்" என்றார். அனைவரும் சிரித்தோம். பின்னர்தான் அது வேடிக்கையன்று, வேண்டுகோள் என உணர்ந்தோம். அன்று மாலை, பிள்ளைகளின் இசைவோடு அவரருகே அமர்ந்து, அவர் கேட்ட அளவுக்கு உண்மையை எடுத்துரைத்தோம். அவர் முதலில் கேட்டது தம் நாள்களைப் பற்றியன்று. பேத்தியின் திருமணத்தை முன்னதாக வைக்க இயலுமா என்பதையே.

பிள்ளைகள் மறைத்தது அன்பினால்தான். எனினும் மறைக்கப்படும் செய்தியைப் பெரும்பாலான நோயாளிகள் நம் முகத்திலேயே படித்துவிடுகின்றனர். பிறகு அவர்கள் நம் பொருட்டும், நாம் அவர்கள் பொருட்டும் நடிக்க நேர்கிறது. அந்தத் தனிமை நோயினும் கொடியது.

எனவே உடனிருப்போர் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். வேடிக்கைப் பேச்சை நோயாளியே தொடங்கட்டும். அவரோடு சிரியுங்கள், அவரைக் கண்டு சிரிக்காதீர்கள். அவர் மரணத்தைப் பற்றிப் பேச முற்படும்போது, "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று கேலியால் வாயடைத்துவிடாதீர்கள். சிரிப்பு அடங்கியபின், "மனத்தில் ஏதேனும் இருக்கிறதா?" என்று மெல்லக் கேளுங்கள். அறிய விரும்பாதவரிடம் வலிந்து சொல்லவும் வேண்டா. எப்போதும் சிரித்துப் பேசுபவர் உறக்கமும் பசியும் இழந்து, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்ந்திருந்தால் எங்களிடம் கூறுங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடும் பேச்சு எழுந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டா.

வலியும் மூச்சுத்திணறலும் தணிந்தால்தான் சிரிப்பு வரும். இதற்கென உள்ள நோய்த்தணிப்புச் சிகிச்சையை இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதென எண்ணாதீர்கள், தொடக்கத்திலிருந்தே பெறலாம். 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இச்சேவை வீட்டிற்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

கட்டிலருகே தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய்விடாமல், சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். அவர் சொல்ல நினைத்தது அப்போதுதான் வெளிவரும்.